மூன்று நூல் ஆழம்

ஹுமாயூனிடம் ஒரு மில்லிங் மிஷின் இருந்தது. டோல்கேட் பக்கம் அவரோடு ஒரு டீ குடித்த எல்லோருக்கும் இது தெரியும். மழையைப் பற்றிப் பேசினாலும் சரி, மீன் விலையைப் பற்றிப் பேசினாலும் சரி, டீ ஆறுவதற்குள் பேச்சை அங்கே கொண்டுவந்து சேர்த்துவிடுவார். "மழையா? அதான் நம்ம மிஷினுக்கு ரெட்டைச் சாக்கு போட்டு மூடி வச்சிக்கிறேன்" என்று ஆரம்பிப்பார். அப்புறம் நிறுத்த முடியாது.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கமாகத் திரும்பும் சந்து ஒன்றில், ஓடு வேய்ந்த கொட்டகைக்குள் இருந்தது பட்டறை. ஹுமாயூனும் தேவப்பிரியமும் அதில் கூட்டாளிகள். யுத்த காலத்தில் இருவரும் துறைமுகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தவர்கள். யுத்தம் முடிந்து ஆட்களைக் குறைத்தபோது ஒன்றாக வெளியே வந்து, ஒன்றாகவே கொட்டகை பிடித்தார்கள். தேவப்பிரியம் லேத்துக்காரர். ராயபுரத்தில் பாதிரிமார் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். பேச்சு குறைவு. ஹுமாயூனுக்குத் தமிழ் எழுத்து தெரியும், அரபி எழுத்து தெரியும். இங்கிலீஷ் மட்டும் தெரியாது. அதற்கும் சேர்த்துத் தமிழிலேயே பேசிவிடுவார்.

மிஷின் மிலிட்டரி ஏலத்துச் சரக்கு. யுத்தம் முடிந்த பிறகு வண்டி வண்டியாக ஏலத்தில் எடுத்துப் பிரித்து விற்ற ஒரு வியாபாரியிடமிருந்து வந்தது. சின்ன மிஷின்தான், ஹுமாயூனின் தோள் உயரம். ஸ்பிண்டில் என்ற சுழலும் தண்டு செங்குத்தாக நிற்கும். பக்கத்தில் இருக்கும் கைப்பிடியை இழுத்தால் ஸ்பிண்டில் தன் இரும்பு உறையோடு கீழே இறங்கும். முனையில் சுழலும் கட்டர் பித்தளையை வெண்ணெய் மாதிரி குடையும். மிஷினின் தலையில், நெற்றிப்பொட்டு வைக்கும் இடத்தில், ஒரு பித்தளைத் தகடு இருந்தது. அதில் இங்கிலீஷ் எழுத்துகள். வியாபாரி அதைத் தட்டிக் காட்டி, "பர்மிங்காம் சரக்கு பாய். எய்தியே வச்சிக்கிறான் பாரு" என்றான். ஹுமாயூன் பார்த்தார். எழுதித்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை தோறும் ஜும்மாவுக்குக் கிளம்புவதற்கு முன் அந்தத் தகட்டைப் புளி போட்டுத் தேய்ப்பார். பட்டறைக்கு வருகிறவர்கள் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "நைனா, கொஞ்சம் படிச்சிக் காட்டேன்" என்று குரல் கொடுப்பார். தேவப்பிரியம் லேத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "பர்மிங்காம், இங்கிலாந்து" என்பார்.

ஐரீன் அந்தச் சந்துக்குள் வந்தது ஒரு கோடைக்காலத்துக் காலையில். ராயபுரத்தில் பூட்டுக் கம்பெனி நடத்துகிறவர். புருஷன் இறந்தபோது, கம்பெனியை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். வாங்கிக்கொள்கிறோம் என்று ஆட்கள்கூட வந்தார்கள். ஐரீன் அவர்களுக்குக் காபி கொடுத்து, ஆளுக்கொரு பூட்டை விற்று அனுப்பிவைத்தார்.

"பாய், குடையிற மிஷின் வச்சிகினு கீறது நீங்கதானே? டோல்கேட்ல யாரைக் கேட்டாலும் உங்களைத்தான் சொல்றாங்க" என்றார்.

"வேற யாரு வச்சிக்கிறான்!" என்றார் ஹுமாயூன்.

ஐரீன் பையிலிருந்து ஒரு பித்தளை வார்ப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். பூட்டின் உடம்பு. உள்ளங்கையை நிறைக்கும் அளவு. அதன் வயிற்றில் ஒரு குழி குடைய வேண்டும். குழிக்குள் மெல்லிய நெம்புத் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்காரும், மூடி வைத்து ரிவிட் அடித்துவிட்டால் பூட்டு தயார். குழியின் ஆழம் மூன்று நூல். அங்குலத்துக்கு எட்டு நூல் என்ற கணக்கில் மூன்று நூல், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கூடினால் தகடுகள் ஆடும், குறைந்தால் இறுகிவிடும்.

"என் ஆளுங்க உளியும் அரமும் வச்சி நோண்டிகினு கீறாங்க. துறைமுகத்து கோடவுனுங்களுக்கெல்லாம் பூட்டு கேட்டுக்கிறாங்க. இந்த வேகத்துல நோண்டினா என் பேரப்பிள்ளைங்கதான் கொண்டுபோய்க் குடுக்கணும்."

"ஒரு கூடை அனுப்பும்மா. சுடச்சுட குடைஞ்சி அனுப்பறேன்."

"ஆழம் எப்படிப் பாப்பீங்க?"

ஹுமாயூன் ஸ்பிண்டில் உறையின்மேல் பென்சிலால் கிழித்திருந்த கோட்டைக் காட்டினார். "இந்தக் கோடு இங்க வந்து சேர்ந்தா மூணு நூல். கண்ணு கீது, கை கீது, பர்மிங்காம் மிஷின் கீது. வேற இன்னா வோணும்?"

ஐரீன் கோட்டைப் பார்த்தார், ஹுமாயூனின் கண்ணைப் பார்த்தார். கூடையை அனுப்பினார்.

ஹுமாயூன் அந்தக் கூடை முழுவதையும் சந்தோஷமாகக் குடைந்து தள்ளினார். கைப்பிடியை இழுப்பார், கோட்டைப் பார்ப்பார், நிறுத்துவார், அடுத்தது. பித்தளைத் துருவல் அவர் தாடியில் ஏறி மின்னியது. குழிகள் பளிச்சென்று, பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருந்தன. குதிரை வண்டியில் ஏற்றி ராயபுரத்துக்கு அனுப்பிவிட்டு, தேவப்பிரியத்துக்குத் தன் செலவில் சமோசா வாங்கிக் கொடுத்தார்.

அந்த வாரம் முடிவதற்குள் ஐரீன் திரும்பி வந்தார். இந்தத் தடவை உட்காரவில்லை. உதவாத வார்ப்புகளை வண்டியிலிருந்து வாசலில் இறக்கச் சொல்லிவிட்டு, முடித்த பூட்டு இரண்டை மேஜைமேல் வைத்தார். கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி முதல் பூட்டுக்குள் விட்டு லேசாக ஆட்டினார். பூட்டு வாயைத் திறந்துகொண்டது.

இரண்டாவது பூட்டை அதன் சாவியோடு ஹுமாயூன் கையில் கொடுத்தார். "இத்தத் தொறங்க."

ஹுமாயூன் திருகினார். சாவி அசையவில்லை. இரண்டு கையாலும் திருகினார். முகம் சிவந்தது. சாவிதான் வளைந்தது.

"மொதப் பூட்டை கோடவுன்ல மாட்டினா திருடன் ஜாலியா உள்ள போயிடுவான்" என்றார் ஐரீன். "ரெண்டாவதை மாட்டினா மொதலாளியே உள்ள போவ முடியாது. ரெண்டுக்கும் குழி நோண்டினது ஒரே கைதானா பாய்?"

ஹுமாயூன் வளைந்த சாவியை மேஜையில் வைத்து நிமிர்த்தப் பார்த்தார்.

"பாதிக்கு மேல இப்படித்தான் கீது. மறுபடி வார்த்து அனுப்பறேன். ஒழுங்கா வருமா, இல்ல உளிக்கே போயிடட்டுமா, அடுத்த வாரம் சொல்லுங்க." கொண்டையில் ஊசியைச் செருகிக்கொண்டு போய்விட்டார்.

தேவப்பிரியம் லேத்தை நிறுத்திவிட்டு வந்தார். ஐரீன் விட்டுப்போன உதவாத வார்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, குழிக்குள் அளவுகோலை நட்டுப் பார்த்தார். நேரம் பிடித்தது. பார்த்து முடித்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாய், காலையில பண்ணதெல்லாம் ஸோக்கா வந்துக்குது, அத்த அந்தம்மா எடுத்துகினு போயிட்டாங்க. சாப்பாட்டு நேரம் நெருங்கச் சொல்லோ பண்ணது மேலாப்புல கீது. பசி. சாப்பிட்டு வந்து பண்ணது ஆழமா எறங்கிக்குது. தூக்கம்."

"நான் தூங்கிகினு வேலை செஞ்சேன்றியா?"

"கண்ணு தூங்கல. கை தூங்கிச்சி."

ஹுமாயூன் கொஞ்சம் கத்தினார். பென்சிலைக் குறை சொன்னார், வெளிச்சத்தைக் குறை சொன்னார், வெயிலைக் குறை சொன்னார். தேவப்பிரியம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "ஸ்பிண்டிலு தானா நிக்கிற மாதிரி ஒரு ஸ்டாப்பர் வோணும்" என்றார். "மூணு நூலுக்கு அப்பால நீயே இழுத்தாலும் எறங்கக்கூடாது."

முதலில் ஹுமாயூனே ஒரு வழி கண்டுபிடித்தார். கைப்பிடி இறங்கும் பாதையில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்தார். கைப்பிடி கட்டையில் மோதி நிற்கும், வேலை முடிந்தது. "இதுக்குப் போயி ஸ்டாப்பர், கீப்பர்!" என்றார். பட்டறையில் கிடந்த பித்தளைத் துண்டுகளில் குடைந்து பார்த்தார். முதல் குழி சரியாக வந்தது. இரண்டாவதும் வந்தது. அப்புறம் மோதி மோதிக் கட்டை நசுங்க ஆரம்பித்து, குழி ஒவ்வொன்றும் முன்னதைவிட ஆழமாக இறங்கிக்கொண்டே போனது. கடைசித் துண்டில் கட்டர் மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

அடுத்து தேவப்பிரியம் ஒரு இரும்பு வளையம் கடைந்தார். ஸ்பிண்டில் உறையின் மேல்முனை மிஷின் தலைக்கு மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே வளையத்தை மாட்டி, ஒற்றை ஸ்க்ரூ போட்டு இறுக்கினார். உறை இறங்கும்போது வளையம் தலையில் உட்கார்ந்து நிறுத்திவிடும். நிறுத்தவும் செய்தது. ஆனால் ஹுமாயூன் வழக்கம்போல் ஒரு இழுப்பு இழுத்ததும் ஸ்க்ரூ வழுக்கியது. உறைமேல் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. ஹுமாயூன் அந்தக் கீறலைப் பிள்ளையின் முழங்கால் சிராய்ப்பைத் தடவுவதுபோல் தடவினார்.

"கெட்டியா புடிக்கணும்னா ஒரே வழிதான் கீது" என்றார் தேவப்பிரியம். சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்து காட்டினார். உறையின் கீழ்முனையைச் சுற்றிலும் கவ்விப் பிடிக்கிற பிளந்த வளையம். அதிலிருந்து நட்டமாக மேலே போகிற, திருகு மரை வெட்டிய ஒரு கம்பி. மிஷினின் தலையில் ஒரு இரும்புத் தாங்கி, அதன் துளை வழியாகக் கம்பி போகும். தாங்கிக்கு மேலே கம்பியில் ஒரு நட்டு. ஸ்பிண்டில் இறங்கும்போது கம்பியும் இறங்கும், நட்டு வந்து தாங்கியில் உட்கார்ந்ததும் எல்லாம் நின்றுவிடும்.

ஹுமாயூனுக்குப் பிடித்துப்போயிற்று. "தாங்கியை எங்க மாட்டுவ?"

தேவப்பிரியம் சற்றுத் தயங்கினார். "நெத்தியிலதான். தகட்டை எடுத்துட்டு."

"எந்தத் தகடு?"

"கீறதே ஒரு தகடுதானே பாய்."

ஹுமாயூன் எழுந்து நின்றார். "நைனா, வேற எங்க வேணா துளை போடு. என் மண்டையில போடு. அந்தத் தகடு மேல கை வைக்காத. ராஜா கிரீடத்தைக் கயட்டிட்டு அங்க ஆணி அடிப்பாங்களா? பர்மிங்காம்காரன் பேரு போட்டு அனுப்பிக்கிறான். அவன் பேரை எடுத்துட்டா இது வெறும் இரும்பு!"

"பாய், வார்ப்பிரும்பு. நெத்தியிலதான் கனம் கீது, வேற எடத்துல துளை போட்டா விரிசல் வுடும்."

"வுடட்டும்!"

"அந்தம்மா திரும்பி வந்துடுவாங்க."

"வரட்டும்! பர்மிங்காம் மிஷின்ல பண்ண பூட்டு வோணும்னா பொறுத்துதான் ஆவணும்!"

நாளெல்லாம் புழுக்கம். காலையிலிருந்து நசுங்கின கட்டை, வழுக்கின வளையம். தேவப்பிரியத்துக்கும் பொறுமை என்று ஒன்று தீர்ந்துபோகிற இடம் இருந்தது.

"பர்மிங்காமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!" என்றார். "அது மாவு பிசையிற மிஷினோட தகடு! மிலிட்டரி ரொட்டிக் கடை மிஷின்! ஒரு தபாக்கு ரெண்டு மூட்டைக்கு மேல கோதுமை மாவு போடக்கூடாதுன்னு எய்திக்குது! அந்த வியாபாரி அத்த எங்கியோ புடுங்கி இங்க ஒட்டிக்கிறான்!"

சொல்லி முடித்ததும் அவரே வாயைப் பொத்திக்கொண்டார்.

ஹுமாயூன் தகட்டைப் பார்த்தார். தேவப்பிரியத்தைப் பார்த்தார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, பொத்தான்கூட மாட்டாமல் சந்தில் இறங்கி நடந்துவிட்டார்.

வீட்டில் அவர் மனைவி ஷம்ஷாத் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வேளைகெட்ட வேளையில் வந்து சுவரோரம் உட்கார்ந்த மனுஷனிடம் என்ன என்று கேட்டார். ஹுமாயூன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ரெண்டு மூட்டை மாவு என்ற இடத்துக்கு வந்தபோது ஷம்ஷாத்துக்கு முறம் ஆடியது. சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. அரிசி தரையெல்லாம் சிதறியது.

"அப்போ வூட்டுக்கு இஸ்துகினு வாங்களேன்! ரம்ஜானுக்கு மாவு பிசைஞ்சி பிசைஞ்சி என் கையே வுட்டுப் போவுது."

"நீயும் சிரி. அவன் மாதிரியே."

"பிரியம் அண்ணன் சிரிச்சாரா?"

"வந்தவன் போனவன் எதிர்லல்லாம் பர்மிங்காம், இங்கிலாந்துன்னு படிச்சானே. உள்ளுக்குள்ள சிரிச்சிகினுதானே படிச்சிருப்பான்!"

"நீங்க பாத்தீங்களா?"

ஹுமாயூன் யோசித்தார். தேவப்பிரியம் எப்போதும் லேத்தைப் பார்த்தபடி, வேகமாக, கசப்பு மருந்தை விழுங்குகிறவர் மாதிரிதான் படிப்பார். ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. அப்புறம் வேறு ஒன்று ஞாபகம் வந்தது. போன வருஷம் ரயில்வே ஸ்டோரிலிருந்து இங்கிலீஷ் படித்த ஒருத்தர் வந்தார். தகட்டை உற்றுப் பார்த்தார், ஹுமாயூன் பக்கம் திரும்பி எதையோ சொல்ல வாயைத் திறந்தார். தேவப்பிரியம் ஓடுகிற லேத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து, அவர் தோளில் கைபோட்டு டீக்கடைக்கு அழைத்துப் போய்விட்டார். யாருக்கும் டீ வாங்கித் தராத மனுஷன் அன்றைக்கு அந்த ஆளுக்கு டீயும் பன்னும் வாங்கித் தந்தார். ஹுமாயூனுக்கு அப்போதே ஆச்சரியமாகத்தான் இருந்தது.

"இன்னா, பேச்சையே காணோம்?" என்றார் ஷம்ஷாத்.

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, ஹுமாயூன் குனிந்து அரிசி பொறுக்க ஆரம்பித்தார்.

மறுநாள் தேவப்பிரியம் பட்டறைக்கு வந்தபோது கதவு ஏற்கனவே திறந்திருந்தது. ஹுமாயூன் ஸ்க்ரூ டிரைவரோடு மிஷின் முன்னால் நின்றிருந்தார். தகடு கழன்று, மேஜையில் துணிமேல் கிடந்தது.

"நைனா, இங்க வந்து பாரு."

தகடு இருந்த இடத்தில் பழைய சாயம், அதற்குக் கீழே மக்குப் பூச்சு. ஹுமாயூன் மக்கைச் சுரண்டி எடுத்திருந்தார். உள்ளே சமமாகச் சீவிய ஒரு சின்ன மேடை. மேடையில் மேலும் கீழுமாக இரண்டு துளை. ஒவ்வொன்றிலும் மரை வெட்டியிருந்தது.

தேவப்பிரியம் விரலால் தடவினார். "தாங்கிக்குன்னே பண்ணது. இதுக்கு மொதல்லயே ஸ்டாப்பரு இருந்துக்குது பாய். யாரோ தொலைச்சிட்டாங்க."

"வியாபாரி ஓட்டையை மறைக்கத் தகடு ஒட்டிக்கிறான்."

ஹுமாயூன் மெதுவாகக் கேட்டார்: "ஏன்டா சொல்லல?"

"மொத நாளே சொல்லத்தான் வந்தேன். நீ மிஷினுக்கு மாலை போட்டுகினு நின்ன. அவ்ளோ சந்தோசமா இருந்த. நாளைக்குச் சொல்லலாம்னு வுட்டேன். அப்பால ஒவ்வொரு நாளும் நாளைக்குதான்."

ஹுமாயூன் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ரெண்டு மூட்டைக்கு மேல போட்டா இன்னா ஆவுமாம்?"

"கம்பெனி பொறுப்பில்லன்னு போட்டுக்குது."

முதலில் ஹுமாயூனுக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு தேவப்பிரியத்துக்கு. எதிர்க் கடைக்காரர் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் வேலை ஓடியது. தாங்கியை ஹுமாயூன் அதே மிஷினிலேயே செய்தார். பழைய கப்பல் இரும்புத் துண்டு ஒன்றைச் சதுரமாகச் சீவி, துளை போட்டு, அந்த மேடையில் வைத்தபோது பல்லும் ஈறும்போல் பொருந்தியது. தேவப்பிரியம் பிளந்த வளையத்தைக் கடைந்தார். கீறல் விழாமல் உறையைச் சுற்றிலும் சமமாகப் பிடிக்கும்படி, உறையில் மாட்டிப் பார்த்து, கழற்றி, மயிரிழை கடைந்து, மறுபடி மாட்டினார். கம்பியில் மரையை நெருக்கமாக வெட்டினார். நட்டைச் சுற்றிக் கை வழுக்காமல் இருக்கக் கோடு கோடாகச் சொரசொரப்பு ஏற்றினார்.

ஆழம் வைப்பது ஹுமாயூனின் யோசனை. ஐரீன் புதிதாக அனுப்பிய வார்ப்பின் மேல் ஒரு சிகரெட் தாளை வைத்து, கட்டரை இறக்கிக்கொண்டே வந்தார். தாள் உரசிக் கிழிகிற இடத்தில் ஸ்பிண்டிலைப் பிடித்து நிறுத்தினார். மூன்று நூல் கனத்துக்குச் சீவிய இரும்புப் பட்டை ஒன்றைத் தாங்கிக்கும் நட்டுக்கும் நடுவில் வைத்து, நட்டு அதைத் தொடும்வரை இறக்கினார். பட்டையை உருவினார். அந்த இடைவெளிதான் இனி குழியின் ஆழம்.

கைப்பிடியை இழுத்தார். கட்டர் இறங்கியது, குடைந்தது. டக். நின்றது.

அளவுகோலை நட்டுப் பார்த்தார்கள். மூன்று நூல். இன்னொன்று குடைந்தார்கள், அதுவும் மூன்று. ஹுமாயூன் வேண்டுமென்றே ஆத்திரமாக இழுத்துப் பார்த்தார், அப்போதும் மூன்று. கொஞ்ச நேரம் ஓடியதும் ஆட்டத்தில் நட்டு தானாகவே சுற்றிக்கொள்வது தெரிந்தது. தேவப்பிரியம் அதன் தலைமேல் இன்னொரு நட்டைப் போட்டு, இரண்டையும் எதிரெதிராக இறுக்கினார். அது அடங்கியது. அடுத்து ஒரு வார்ப்பு திடீரென்று மேலாப்பாக வந்தது. ஹுமாயூன் பதறிப்போய்ப் பார்த்தால், பறந்து வந்த ஒரு பித்தளைத் துருவல் தாங்கிமேல் உட்கார்ந்திருந்தது. நட்டு அதன்மேல் ஏறி நின்றுவிட்டது. வீட்டிலிருந்து தன் பழைய துருக்கித் தொப்பியைக் கொண்டுவந்து, ஒரு துண்டு வெட்டி, கம்பியைச் சுற்றிப் பாவாடை மாதிரி கட்டிவிட்டார். துருவல் அதன்பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

ஐரீன் வந்தபோது புதுக் கூடையில் பாதி முடிந்திருந்தது. கையோடு நெம்புத் தகடுகளும் சாவிகளும் கொண்டுவந்திருந்தார். தானே நாலைந்தை எடுத்து, தகடு அடுக்கி, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். திரும்பியது. ஒரு பூட்டின் சாவியை இன்னொன்றில் போட்டார். திரும்பவில்லை. கொண்டை ஊசியை உருவி விட்டுக் குடைந்தார். ஊசிதான் கோணியது.

"இன்னா பண்ணீங்க?" என்றார்.

ஹுமாயூன் மிஷினைக் காட்டினார். ஐரீன் சுற்றி வந்து பார்த்தார். "நான் ஒண்ணு பண்ணட்டுமா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேவப்பிரியம் வார்ப்பை மிஷினில் இறுக்கிக் கொடுத்தார். ஐரீன் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கைப்பிடியை இழுத்தார். கட்டர் பித்தளையைத் தொட்டுக் கத்தியதும் முகத்தைச் சுளித்தார், ஆனால் கையை எடுக்கவில்லை. டக். தேவப்பிரியம் அளவுகோலை நட்டு அவரிடமே காட்டினார். மூன்று நூல்.

"அடேயப்பா" என்றார் ஐரீன். ஞானஸ்நானத்துக்கு வந்த குழந்தையை ஏந்துவதுபோல் அந்த வார்ப்பை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டார். "இத்த நான் தனியா வச்சிக்கிறேன்."

அவர் போன பிறகு ஹுமாயூன் கொஞ்சம் சோர்ந்துதான் போனார். கைப்பிடியைப் பிடித்த முதல் இழுப்பிலேயே அந்தம்மாவுக்கு மூன்று நூல் வந்துவிட்டது. இத்தனை வருஷம் தன் கையில் இருப்பதாக நினைத்த ஏதோ ஒன்று இப்போது ஒரு நட்டில் இருந்தது. அந்த மத்தியானம் பேசாமலே வேலை செய்தார். தேவப்பிரியம்கூட இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஆனால் சாயங்காலம் ஆகும்போது ஒன்று கவனித்தார். அன்றைக்குக் கோட்டையே பார்க்கவில்லை. கழுத்து வலிக்கவில்லை. கண் எரியவில்லை. கை பாட்டுக்குக் கைப்பிடியை இழுக்க, கண் சந்தில் போகிறவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. கருவாட்டுக் கூடையோடு போன பச்சையம்மாவிடம் காசிமேட்டில் இன்றைக்கு என்ன மீன் என்று கேட்டார். அவர் சொல்ல, இவர் விலை கேட்க, டக், அடுத்த வார்ப்பு. மறுநாளிலிருந்து பழைய பேச்சு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஸ்டாப்பரைக் காட்டி, "இது எங்க ஊரு சரக்கு, டோல்கேட்டு" என்பார். யாரையும் எதையும் படித்துக் காட்டச் சொல்லவில்லை.

பூட்டெல்லாம் போய்ச் சேர்ந்து, மழைக்காலம் பிறந்தபோது, ஒரு நாள் காலையில் துறைமுகத்துக் கப்பல் ஏஜெண்ட் ஒருவரின் ஆள் சைக்கிளில் நனைந்துகொண்டே வந்தான். கோடவுன் சாவியைக் குமாஸ்தா படகிலிருந்து கடலில் போட்டுவிட்டார். மாற்றுச் சாவி கோடவுனுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. உள்ளே சரக்கு, வெளியே லாரி, கரையில் கப்பல். ஐரீனம்மாதான் இந்த விலாசம் கொடுத்து அனுப்பினாராம். அறுத்து எடுக்க யாராவது உடனே வர வேண்டும்.

இருவரும் இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடுகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கோடவுன் வாசலில் குமாஸ்தா குடை பிடித்துக்கொண்டு, குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்துகொண்டிருந்தார். பூட்டு கதவில் தொங்கியது. பித்தளை மழையில் பளபளத்தது.

தேவப்பிரியம் குடையச் சில கம்பிகள் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். உள்ளே நெம்புத் தகடு ஒன்றுகூட அசையவில்லை. அவர் ஹுமாயூனை நிமிர்ந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். ஹுமாயூனுக்கு மீசை துடித்தது. பிறகு பூட்டின் வளையத்தை அறுக்க ஆரம்பித்தார்கள். முதல் பிளேடு ஒடிந்தது. மாறி மாறி அறுத்தார்கள். இரண்டாவது பிளேடின் பல் மழுங்கியது. லாரிக்காரன் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தான். கப்பல் ஒரு தடவை ஊதியது.

"இன்னும் எவ்ளோ நேரம்யா?" என்று கத்தினார் குமாஸ்தா. "எந்தப் பாவி பண்ணான் இந்தப் பூட்டை?"

ஹுமாயூன் அறுப்பதை நிறுத்தினார். முகத்திலிருந்த மழைத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். தேவப்பிரியம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். பிரயோஜனமில்லை.

"நாங்கதான் சார்" என்றார் ஹுமாயூன். வாய் காது வரைக்கும் போயிருந்தது. "குழி மூணு நூலு. இப்புடிக் கொஞ்சம் கூரைக்குக் கீழ வந்து குந்துங்க, எப்புடிப் பண்ணோம்னு சொல்றேன்."